மருந்தில் வந்த உடம்பைப் பயிற்சியில் வந்ததென்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள்

யாழ்ப்பாணத்து ஜிம் உரிமையாளர்களுக்கும் பயிற்றுநர்களுக்கும் ஒரு திறந்த மடல்

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன்னர் உங்களில் சிலர் சேர்ந்து நடத்தவிருக்கும் ஆணழகன் போட்டியின் சுவரொட்டி எங்கள் ஊர் ரியூசன் கொட்டகைச் சுவர்வரை வந்துவிட்டது. அதில் 15 முதல் 18 வயது வரையானவர்களுக்குத் தனிப்பிரிவு இருக்கிறது. 90 நாளில் உடம்பை ஆகக் கூடுதலாக மாற்றிக்காட்டும் பெடியனுக்கு முதற்பரிசு. பரிசோடு ஒரு பெரிய வாளி புரோட்டீன் பவுடரும், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத இரண்டு போத்தல்களும். 15 வயது என்றால் இன்னும் ஓ.எல். எழுதாத பிள்ளை.

இதைப் பற்றி உங்களில் இருவரிடம் நேரில் வந்து பேசினேன். இருவரும் மரியாதையாகத்தான் கதைத்தார்கள். "பெடியள் தாங்களா வந்துதான் கேக்கிறாங்கள் சேர். நாங்கள் குடுக்காட்டி வேற இடத்தில வாங்குவாங்கள்" என்றார் ஒருவர். மற்றவர், சுவரொட்டி அடித்தாயிற்று, இனி ஒன்றும் மாற்ற ஏலாது என்று முடித்துக்கொண்டார். அந்தப் பதிலோடு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட என்னால் முடியவில்லை. அதனால்தான் எல்லோரும் வாசிக்கக்கூடிய இடத்தில் இதை எழுதுகிறேன்.

நான் பாடசாலைகளில் உடற்கல்வி படிப்பித்து ஓய்வுபெற்றவன். இன்றும் பின்னேரங்களில் எங்கள் சனசமூக நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கொட்டிலில் பெடியளோடு பாரம் தூக்குகிறேன். ஜிம்முக்குப் போனால் பிள்ளை கெட்டுப்போவான் என்று சொல்லும் ஆட்களோடு நான் எத்தனையோ தரம் சண்டை பிடித்திருக்கிறேன். போதைப்பொருள் தெருவுக்குத் தெரு வந்துவிட்ட இந்தக் காலத்தில், மாலையில் ஒரு பெடியன் பாரம் தூக்கிவிட்டுக் களைத்து வீட்டுக்குப் போகிறான் என்றால் அந்தத் தாய் நிம்மதியாக இருக்கலாம் என்று நம்புகிறவன் நான். அந்த நம்பிக்கையோடுதான் பெற்றோர் உங்கள் வாசலில் பிள்ளையை இறக்கிவிட்டுப் போகிறார்கள்.

என் முறைப்பாடு ஒன்றுதான். தசை பெருக்கும் ஸ்டீரொய்ட் மருந்து அடித்து வந்த உடம்பைப் பயிற்சியில் வந்த உடம்பென்று அந்தப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறீர்கள். மற்றக் கேடெல்லாம் அதிலிருந்து வருகிறது.

மருந்து எவ்வளவு செய்யும் என்பது உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1996இல் நியூ இங்கிலாந்து மருத்துவச் சஞ்சிகையில் ஓர் ஆய்வு வெளிவந்தது. பாரம் தூக்கிப் பழகிய 43 ஆண்களை நான்கு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்குக் கிழமைக்கு 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டெரோன் (ஆண் ஹோர்மோன்) ஊசி, பயிற்சி கிடையாது. இன்னொரு கூட்டத்துக்கு மருந்தில்லாத வெற்று ஊசியும் பயிற்சியும். மூன்றாவது கூட்டத்துக்கு மருந்தும் பயிற்சியும் இரண்டுமே. நான்காவது கூட்டத்துக்கு வெற்று ஊசி, பயிற்சியும் இல்லை. பத்துக் கிழமை முடிய அளந்து பார்த்தால், ஒழுங்காகப் பயிற்சி செய்தவர்களுக்குக் கொழுப்பில்லாத எடை சுமார் 2 கிலோ கூடியிருந்தது. சும்மா இருந்து ஊசி போட்டவர்களுக்குச் சுமார் 3 கிலோ. இரண்டும் செய்தவர்களுக்கு 6 கிலோ.

சும்மா இருந்தவன் வேர்வை சிந்தியவனை முந்திவிட்டான். இதை வைத்துக்கொண்டு உங்கள் 90 நாள் போட்டியை யோசித்துப் பாருங்கள். மேடையில் ஏறும் பெடியன்களில் ஒருவன் ஊசி போட்டிருந்தாலே, போடாத மற்றவன் என்ன செய்தாலும் கிட்டப் போக முடியாது. தன் உடம்பில்தான் ஏதோ குறை, தான்தான் காணாது என்று அவன் நினைப்பான். பிறகு யாரிடமாவது போய் மெதுவாக விசாரிப்பான். விசாரிக்கப் போகும் இடம் பெரும்பாலும் உங்கள் கவுண்டர்தான்.

உங்கள் சுவரில் தொங்கும் படங்களில் இருப்பவர்களில் எத்தனை பேர் சோற்றாலும் மீனாலும் முட்டையாலும் மட்டும் அப்படி ஆனவர்கள்? அந்தக் கேள்வியை ஒரு பெடியன் கேட்டபோது பயிற்றுநர் ஒருவர், "டயட்டும் டெடிகேஷனும் தம்பி" என்று பதில் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அந்தப் பயிற்றுநர் என்னிடம் படித்தவர். அவர் என்ன எடுக்கிறார் என்று அவரே எனக்கு முன்பு சொல்லியிருக்கிறார். அந்தச் சின்னப் பெடியனின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல அவருக்கு எப்படி மனம் வந்ததென்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

இனி நான் கண்டவற்றைச் சொல்கிறேன். பெயர் சொல்லமாட்டேன். ஊரும் சொல்லமாட்டேன். அந்தப் பிள்ளைகள் இங்கேதான் வாழவேண்டும்.

உயர்தரம் படித்துக்கொண்டிருந்த ஒருவனுக்குக் கண் மஞ்சளானது. வீட்டில் செங்கமாரி என்று நினைத்துக் கீழ்காய்நெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். பத்தியம் போட்டார்கள். மஞ்சள் குறையவில்லை. உடம்பு முழுக்கச் சொறி; இரவில் நித்திரை இல்லாமல் முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டிருந்தான் என்று தாய் சொன்னார். சிறுநீர் பிளேன் டீ நிறம். கடைசியில் ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டொக்டர் தாயை வெளியே அனுப்பிவிட்டு, "தம்பி, நீர் ஜிம்முக்குப் போறனீரோ?" என்று கேட்டாராம். அதற்குப் பிறகுதான் பையன் புத்தகப் பையின் அடியிலிருந்து குளிசையை எடுத்துக் கொடுத்திருக்கிறான். ஸ்டனோசொலோல், மெதான்டியனோன் போன்ற ஸ்டீரொய்ட் குளிசைகளை ஈரல் இலகுவில் உடைக்காதபடி மாற்றித்தான் செய்கிறார்கள். அப்படிச் செய்தால்தான் வாயால் எடுத்தாலும் இரத்தத்துக்குள் போய்ச் சேரும். அதன் விலையை ஈரல் கொடுக்கிறது. பித்த ஓட்டம் தடைப்பட்டு மஞ்சளும் சொறியும் வருகின்றன. அவனுக்குக் குணமாக மாதங்கள் எடுத்தன. அந்தமுறை பரீட்சை எழுதவில்லை.

இன்னொருவனின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். அவன் ஜிம்முக்குப் போகத் தொடங்கியதே நல்லூருக்காகத்தான். நல்லூரில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போகவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். மெலிந்த பெடியன், விலா எலும்பு தெரிகிற உடம்பு. சிநேகிதர்கள் பகிடி பண்ணுவார்கள். அடுத்த திருவிழாவுக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போகவேண்டும் என்று ஆசைப்பட்டான். அதில் ஒரு பிழையும் இல்லை. அந்த வயதில் யாருக்குத்தான் அந்த ஆசை வராது? யாரோ ஊசியைக் காட்டினார்கள். தோளும் கையும் சொன்னபடி பெருத்தன. பிறகு முலைக்காம்புக்குக் கீழே கல்லுப்போல ஒரு கட்டி. தொட்டால் நோ. சில மாதத்தில் இரண்டு பக்கமும் பெண்பிள்ளைகளைப்போல மார்பு வந்துவிட்டது. வெளியிலிருந்து அளவுக்கு மிஞ்சி ஏற்றும் டெஸ்டோஸ்டெரோனில் ஒரு பகுதியை உடம்பு பெண் ஹோர்மோனான ஈஸ்ட்ரஜனாக மாற்றிவிடும் என்று ஊசி விற்றவர் அவனுக்குச் சொல்லவில்லை. கட்டி இறுகிவிட்டால் மருந்துக்குக் கரையாது, வெட்டித்தான் எடுக்கவேண்டும். அவன் இப்போது வெயில் கொளுத்தும் நாளிலும் உள்ளே பனியன் போட்டு அதன்மேல் தடித்த சேர்ட் போடுகிறான். திருவிழாவுக்கு வீட்டுக்காரர் எல்லோரும் உள்ளே போக, அவன் வெளிவீதியில் கச்சான்காரியின் கடைப்பக்கம் நிற்கிறான். "வயித்துக்க சரியில்ல சேர், அதுதான் உள்ள போகேல்ல" என்று என்னிடம் சொன்னான். எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும்.

மூன்றாவது, கலியாணமாகிப் பிள்ளை இல்லாத ஒரு வீடு. அந்தப் பெண்பிள்ளை ஏறாத கோயில் இல்லை, பிடிக்காத விரதம் இல்லை. மாமியார் சாடைமாடையாகக் குத்திக் கதைப்பார். ஊர்ச் சடங்குகளுக்கு அந்தப் பிள்ளையைக் கூப்பிடுவதையே சிலர் நிறுத்திவிட்டார்கள். கடைசியில் கணவனைப் பரிசோதித்தால் விந்தில் உயிரணுவே இல்லை. கலியாணத்துக்கு முந்தி வருடக்கணக்கில் அவன் ஊசி போட்டிருந்தான். அதற்கும் இதற்கும் தொடர்பிருக்கும் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. வெளியிலிருந்து ஹோர்மோன் வந்துகொண்டேயிருந்தால், விதைப்பைக்குக் கட்டளை அனுப்பும் மூளையின் பகுதி அனுப்புவதை நிறுத்திவிடும். வாசலில் பவுசர் வந்து தினமும் தண்ணீர் நிரப்பினால் வளவுக் கிணற்றை யார் இறைப்பார்கள்? இறைக்காமல் விட்ட கிணறு தூர்ந்துவிடும். நிறுத்திய பிறகு பலருக்கு மாதங்களில், சிலருக்கு வருடத்துக்கு மேலாகியும்தான் பழைய நிலை திரும்புகிறது. சிலருக்கு முழுதாகத் திரும்புவதே இல்லை. அவன் இன்று வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறான். மனைவி இத்தனை வருடம் கேட்ட பேச்சை யார் திரும்ப எடுப்பது?

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தவை. தெரியாதது இதயம். நல்ல கொழுப்பு இறங்குகிறது, கெட்ட கொழுப்பு ஏறுகிறது, இரத்த அழுத்தம் கூடுகிறது, இரத்தம் தடிக்கிறது, இதயச் சுவர் தடித்துப்போகிறது. 2017இல் அமெரிக்காவில் பாரம் தூக்கும் 140 ஆண்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அவர்களில் 86 பேர் ஸ்டீரொய்ட் எடுத்தவர்கள், 54 பேர் எடுக்காதவர்கள். ஒரு துடிப்பில் இடது இதயவறை தன்னிடமுள்ள இரத்தத்தில் எத்தனை வீதத்தை வெளியே தள்ளுகிறது என்று பார்த்தால், எடுக்காதவர்களுக்குச் சராசரி 63 வீதம், எடுத்தவர்களுக்கு 52 வீதம். டென்மார்க்கில் ஜிம்களில் பரிசோதித்து ஸ்டீரொய்ட் பிடிபட்ட ஆயிரத்துச் சொச்சம் ஆண்களைப் பல வருடம் பின்தொடர்ந்தார்கள். அதே வயதுடைய மற்ற ஆண்களைவிட அவர்கள் சாகும் வாய்ப்பு கிட்டத்தட்ட மூன்று மடங்கு என்று 2024இல் அறிக்கை வந்தது. நாற்பது வயதுக்குள் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் எங்கள் ஊரில் "விதி" என்று சொல்லிக் காரியத்தை முடித்துவிடுகிறோம். அவர் என்ன எடுத்தார் என்று செத்த வீட்டில் யாரும் கேட்பதில்லை.

வளர்கிற பிள்ளைக்கு இன்னொரு கேடும் இருக்கிறது. எலும்பின் நுனியில் வளர்ச்சிக்கென்று இருக்கும் தட்டு, இந்த ஹோர்மோனால் காலத்துக்கு முந்தியே மூடிவிடும். அதோடு உயரம் நின்றுவிடும். 15 வயதுப் பிரிவு வைத்திருக்கிறீர்களே, இதைக் கொஞ்சமாவது யோசித்தீர்களா?

"நாங்கள் ஸ்டீரொய்ட் விக்கிறேல்ல சேர், சப்ளிமென்ட் மட்டும்தான்" என்பது உங்களில் பலர் சொல்லும் அடுத்த நியாயம். சரி, போத்தலுக்குள் என்ன இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியுமா? பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் உதவியோடு ஜேர்மனியின் கொலோன் ஊக்கமருந்து ஆய்வுகூடம் 13 நாடுகளில் வாங்கிய 634 சப்ளிமென்ட்களைச் சோதித்தது. 94இல் லேபிளில் சொல்லாத ஸ்டீரொய்ட் வகை ஹோர்மோன் இருந்தது. கிட்டத்தட்ட ஏழில் ஒன்று. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2007 முதல் 2016 வரை கலப்படம் என்று எச்சரித்த 776 சப்ளிமென்ட்களில் 92, தசை வளர்க்க என்று விற்றவை. அந்த 92இல் 82இல் செயற்கை ஸ்டீரொய்டோ அதைப்போன்ற பொருளோ இருந்தது. அங்கேயே நிலைமை இதுவென்றால், கொழும்பிலிருந்து பஸ்ஸில் பார்சலாக வந்து இறங்கும் போத்தலை எதை நம்பி விற்கிறீர்கள்?

ஒரு பெடியன் வாங்கிய வாளியை நானே கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். இறக்குமதியாளரின் பெயர் இல்லை. முகவரி இல்லை. காலாவதித் திகதிக்கு மேல் இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினால் கீழே வேறு இலக்கம். மூடிக்குக் கீழே இருக்கவேண்டிய வெள்ளித்தாள் ஓர் ஓரத்தில் திரும்ப ஒட்டியது போலச் சுருங்கியிருந்தது. பில் கேட்டானா என்று விசாரித்தேன். "பில் தரமாட்டினம் சேர்" என்றான். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் மாமாமார் கொண்டுவரும் வாளிகளும் இருக்கின்றன. வெளிநாட்டுச் சாமான் என்றால் பிழை இருக்காது என்று எங்கள் சனத்துக்கு ஒரு நம்பிக்கை. நான் மேலே சொன்ன கணக்கெல்லாம் வெளிநாட்டுக் கணக்குத்தான்.

விளையாட்டில் முன்னுக்கு வரக்கூடிய பிள்ளைகளுக்கு இது இன்னும் ஆபத்து. 2010 டெல்லி பொதுநலவாய விளையாட்டில் மஞ்சு வன்னியாரச்சி குத்துச்சண்டையில் தங்கம் வென்றபோது நாடே கொண்டாடியது. நான்ட்ரொலோன் என்ற ஸ்டீரொய்ட் பிடிபட்டுத் தங்கம் பறிபோனது. அடுத்த வருடம் கிரிக்கெட் வீரர் உபுல் தரங்க, தோள் நோவுக்கு எடுத்த மூலிகை மருந்தில் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்ததால் மூன்று மாதம் விளையாட முடியாமல் போனது. உள்ளே என்ன இருந்ததென்று தனக்குத் தெரியாது என்று சொன்னால் ஊக்கமருந்துச் சட்டம் விட்டுவிடாது. இலங்கையில் 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்படி இதற்கென்று ஒரு முகவரகமே இருக்கிறது. மாகாண மட்டத்துக்குப் போகிற பாரந்தூக்கும் பிள்ளைகள், பெண்பிள்ளைகள் உட்பட, உங்கள் இடங்களில்தான் பயிற்சி எடுக்கிறார்கள். பெண்பிள்ளைக்கு இந்த மருந்தால் குரல் தடித்தால், மருந்தை நிறுத்தினாலும் பழைய குரல் வராது.

இன்னொரு குளிசையும் ஓடித்திரிகிறது. மெலிந்தவர்களுக்கு "உடம்பு வைக்க" என்று கொடுக்கும் குளிசை. பெரும்பாலும் டெக்ஸாமெதசோனும் சைப்ரோஹெப்டடினும். முதலாவது இன்னொரு வகை ஸ்டீரொய்ட். தசை வளர்க்காது, தண்ணீர் தேக்கும், முகத்தை உப்பவைக்கும், தசையைக் கரைக்கும். இரண்டாவது ஒவ்வாமைக்கான மருந்து, பசியைக் கூட்டும். தராசில் ஏறினால் எடை கூடியிருக்கும், பிள்ளைக்குச் சந்தோசம். சில மாதம் எடுத்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினால், உடம்பு தானாகச் சுரக்கவேண்டியதைச் சுரக்காமல் மயங்கி விழலாம், உயிருக்கே ஆபத்து வரலாம். இதில் ஒன்றைப் பெற்றோருக்கும் சொல்லவேண்டும். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ டொக்டர் எழுதித் தரும் ஸ்டீரொய்டும் ஜிம்மில் போடும் ஊசியும் ஒன்றல்ல. இந்த மடலை வாசித்துவிட்டு யாரும் தங்கள் மருந்தை நிறுத்திவிட வேண்டாம்.

போட்டிக்கு முந்தின நாட்களில் நடப்பதும் எனக்குத் தெரியும். தோல் ஒட்டி நரம்பு தெரியவேண்டும் என்று தண்ணீரை நிறுத்துவது, உப்பை நிறுத்துவது, சிறுநீர் போகும் குளிசை எடுப்பது. 1992இல் நெதர்லாந்தில் ஒரு போட்டியில் முதலிடம் பெற்ற மொஹமட் பெனாசிஸா சில மணித்தியாலங்களில் இறந்தார். அவர் உலகத்தரத்து வீரர். எங்கள் வெக்கையில், ஒரு மண்டபத்தில், தண்ணீர் குடிக்காத 16 வயதுப் பிள்ளையை மேடைக்குப் பின்னால் வரிசையில் நிற்கவைக்கப் போகிறீர்கள். அங்கே யாராவது ஒரு டொக்டர் நிற்பாரா? சுவரொட்டியில் நான் காணவில்லை.

இதையெல்லாம் சொல்வதால் புரோட்டீன் பவுடர் நஞ்சு என்று நான் சொல்வதாக எடுக்கவேண்டாம். பாற்கட்டி செய்யும்போது பிரியும் நீரைக் காயவைத்து எடுப்பதுதான் வே புரோட்டீன். அது ஓர் உணவு. பலத்துக்கு எடுக்கும் கிரியேட்டின் பவுடரும் ஸ்டீரொய்ட் இல்லை. நாளுக்கு 3 முதல் 5 கிராம் என்பது சுகதேகிகளான பெரியவர்களில் நிறைய ஆராய்ந்து பார்த்த அளவு. சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் டொக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. நல்ல இடத்தில் வாங்கிய, லேபிள் சரியான ஒரு வாளியை உழைக்கிற ஒருவர் வசதிக்காக வாங்கிக் குடித்தால் அது அவர் இஷ்டம். ஆனால் அது இல்லாவிட்டால் உடம்பு வராது என்று பெடியளுக்குச் சொல்வது முழுப்பொய்.

கணக்கைப் பாருங்கள். தசை வளர்க்க விரும்புகிறவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு சுமார் 1.6 கிராம் புரதம் போதும். 60 கிலோ பெடியனுக்கு 96 கிராம். மூன்று முட்டையில் 18, இருநூறு கிராம் சூடை மீனில் 40, ஒரு கோப்பை அவித்த கடலையில் 14, ஐம்பது கிராம் கச்சானில் 12. அதுவே 84. மிச்சம் சோற்றிலும் பருப்பிலும் வந்துவிடும். கடற்கரையைச் சுற்றிவர வைத்துக்கொண்டு, உழுத்தங்களியும் எள்ளுப்பாகும் கொடுத்துப் பிள்ளை வளர்த்த ஊரில், உடம்பு வளர்க்கக் கடன்பட்டு வாளி வாங்கவேண்டிய தேவை ஏன் வந்தது? ஒரு தாய் காப்பை அடகு வைத்தார் என்று கேள்விப்பட்டபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

இயற்கையான பயிற்சி மெதுவானது. அதை மறைக்கத் தேவையில்லை. முதற் கிழமைகளில் கூடுவது பலம்தான். நரம்புகள் தசையை ஒழுங்காக வேலை வாங்கப் பழகுகின்றன, அளவில் பெரிதாக ஒன்றும் தெரியாது. முதல் வருடத்தில் நன்றாகச் சாப்பிட்டு, நித்திரை கொண்டு, பாரத்தைப் படிப்படியாகக் கூட்டினால் மாதம் அரைக் கிலோ, சிலருக்கு ஒரு கிலோ தசை வரும். பிறகு வேகம் குறையும். இதை முதல் நாளே சொன்னால் பெடியன் பொறுமையோடு வருவான். விடிய ஐந்தரைக்கு ரியூசன், இரவு பத்துக்கு வீட்டுப்பாடம், பிறகு போன். எட்டு மணித்தியாலம் நித்திரை இல்லாத பிள்ளைக்கு எந்தப் பவுடரும் தசை வைக்காது. அதைப் பெற்றோருக்குச் சொல்லும் பயிற்றுநர் யாரையும் நான் இன்னும் காணவில்லை.

போர் நடந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் சீமெந்துகூட உள்ளே வராது. அப்போதும் எங்கள் பெடியள் பாரம் தூக்கினார்கள். பழைய லொறிப் பற்சில்லுகளை இரும்புக் குழாயில் கோத்து, தண்டவாளத் துண்டில் கயிறு கட்டி. சாப்பாடே மட்டு மட்டு. அந்தக் கொட்டிலில் நின்றவர்களில் சிலர் இன்றைக்கு அறுபதைத் தாண்டியவர்கள். என்னோடு சேர்ந்து இன்றும் குந்தி எழும்புகிறார்கள். மூட்டு நோகாமல், மூச்சு வாங்காமல். நீங்கள் வேண்டுமானால் ஒரு பின்னேரம் வந்து பாருங்கள்.

உங்கள் கஷ்டமும் எனக்கு விளங்காமல் இல்லை. கட்டட வாடகை, கரண்ட் பில், லோனுக்கு எடுத்த மெஷின். மாதச் சந்தாவில் மட்டும் ஒரு ஜிம் ஓடாது என்று ஒருவர் கணக்குக் காட்டினார். அப்படியென்றால் சந்தாவைக் கூட்டுங்கள். படிப்பிப்பதற்குக் காசு வாங்குங்கள். ஒழுங்காகக் குந்தி எழும்பவும், முதுகை வளைக்காமல் பாரம் தூக்கவும் சொல்லிக்கொடுக்கிற பயிற்றுநருக்குப் பெற்றோர் கொடுப்பார்கள். ரியூசனுக்குக் கொடுக்காத காசா?

நான் கேட்பவற்றைத் தெளிவாகச் சொல்கிறேன்.

முதலில், 18 வயதுக்குட்பட்டவர்களுக்கான பிரிவையும் 90 நாள் மாற்றப் போட்டியையும் நிறுத்துங்கள். பெரியவர்களுக்கான போட்டியை நடத்துவதென்றால் பரிசாகப் பவுடரும் போத்தலும் கொடுக்காதீர்கள். மேடைக்குப் பின்னால் ஒரு மருத்துவர் நிற்கட்டும், குடிக்கத் தண்ணீர் இருக்கட்டும். பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய விருப்பமென்றால், எத்தனை தண்டால் எடுக்கிறான், தன் எடையில் எத்தனை மடங்கு சரியான முறையில் தூக்குகிறான் என்று பார்க்கும் போட்டி வையுங்கள். அதற்கு நானே நடுவராக வருகிறேன். சம்பளம் வேண்டாம்.

உங்கள் கட்டடத்துக்குள் ஊசியோ ஸ்டீரொய்ட் குளிசையோ, அதற்குப் பிறகு எடுக்க என்று கொடுக்கும் டமொக்ஸிபெனோ விற்கப்படக்கூடாது. டமொக்ஸிபென் மார்புப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்து. அதை ஒரு பயிற்றுநர் வாட்ஸ்அப்பில் அளவு சொல்லிக் கொடுக்கிறார். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம் நடைமுறையில் உள்ள நாடு இது. மருந்துச் சீட்டு எழுதுவது டொக்டரின் வேலை. விற்கும் பயிற்றுநர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வீட்டுக்கு அனுப்புங்கள்.

மருந்து எடுத்த ஒருவரின் படத்தை "எங்கள் பயிற்சியின் பலன்" என்று சுவரிலும் முகநூலிலும் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டவற்றை எடுங்கள். பெரியவர் ஒருவர் தன் உடம்புக்குத் தான் செய்வதை நான் தடுக்க வரவில்லை. ஒரு பெடியன் வந்து கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும், சொல்ல விருப்பமில்லையென்றால் அந்தப் படத்தைக் காட்டி ஆள் சேர்க்கக்கூடாது.

இறக்குமதியாளர் பெயரும் முகவரியும் இல்லாத எதையும் கவுண்டரில் வைக்காதீர்கள். விற்றதற்குப் பில் கொடுங்கள். 18 வயதுக்குட்பட்டவர் சேர வந்தால் தாயோ தகப்பனோ வந்து கையெழுத்து வைக்கட்டும், அவர்களிடம் பவுடர் விற்காதீர்கள்.

ஏற்கெனவே ஊசி போடும் பெடியன்களைத் துரத்திவிடாதீர்கள். துரத்தினால் யாருக்கும் தெரியாமல் ஒரு ஊசியை நாலு பேர் பாவிப்பார்கள், அதில் ஈரல் அழற்சியும் எச்.ஐ.வி.யும் பரவும். திடீரென்று நிறுத்துகிற பெடியனுக்கு மனம் உடைந்துபோகும். சாப்பாடு, நித்திரை, கதை எல்லாம் நின்றுபோகும். தனியே விடாதீர்கள். கூட்டிக்கொண்டு டொக்டரிடம் போங்கள். என்ன எடுத்தான், எவ்வளவு, எத்தனை காலம் என்பதை ஒளிக்காமல் சொல்லச் சொல்லுங்கள். இரத்த அழுத்தம், ஈரல், கொழுப்பு, இரத்தத்தின் தடிப்பு, ஹோர்மோன் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும் என்று கேளுங்கள். போக வெட்கப்படுகிற பிள்ளையோடு நான் வருகிறேன். எந்த நேரமென்றாலும் வருவேன்.

நீங்கள் எல்லோரும் கூடிப் பேச ஒரு நாளைக் குறித்து எனக்கு அறிவியுங்கள். பெற்றோர் சிலரும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவரும், இதைப் பற்றிக் கதைக்கச் சம்மதித்த ஒரு வைத்தியரும் என்னோடு வருவார்கள். போட்டி தொடர்பான உங்கள் முடிவை எழுத்தில், சுவரொட்டியில் உள்ள நாளுக்கு இரண்டு கிழமை முன்னதாகத் தாருங்கள். அதற்குள் பதில் வராவிட்டால் இதே மடலை அச்சடித்து, சுவரொட்டி ஒட்டியிருக்கும் ஒவ்வொரு ரியூசன் வாசலிலும் பெற்றோர் கையில் கொடுப்பேன்.

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்
யாழ்ப்பாணம்